மலைவீட்டுக் கரண்ட் பில்லைச் சரிபார்ப்பது எப்படி? இலங்கைக் கணக்கோடு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் வாழும் பல குடும்பங்களுக்கு ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய ஊர்களில் இன்னும் சொந்தங்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் இவை. வாட்ஸ்அப்பில் பேசும்போது அரிசி விலைக்கு அடுத்தபடியாகக் கரண்ட் பில்தான் பேச்சில் அடிபடுகிறது. ஆனால் அந்த ஒப்பீடு பெரும்பாலும் தவறாகவே போடப்படுகிறது. அங்கே பில் மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை; அங்கே நிலையான கட்டணம் தனியாக உண்டு, இங்கே வீடுகளுக்கு அது 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. இவற்றைச் சரிசெய்துகொண்டு இரண்டு பில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், நாம் கட்டுவது எவ்வளவு, நமக்காக அரசு கட்டுவது எவ்வளவு என்பது விளங்கும்.

முதல் வேலையாக மின் கணக்கீட்டு அட்டையை எடுத்து, கடைசி ஆறு கணக்கீடுகளின் தேதி, மீட்டர் அளவு, யூனிட், தொகை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டை தொலைந்திருந்தாலோ கையெழுத்து புரியாவிட்டாலோ, மின்வாரிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய கணக்குகள் கிடைக்கும். தொகையை மட்டும் பார்த்து “போன தடவையைவிட அதிகம்” என்று பிரிவு அலுவலகத்துக்குப் போய் வாதாடுவதில் பயனில்லை. யூனிட்டும் தேதியும் கையில் இருந்தால்தான் பேச்சு நகரும்.

அடுத்தது கணக்கு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீதத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு வீதம் மாறியிருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம்; 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 300 யூனிட் ஓடிய வீட்டுக்கு 235 ரூபாயும் 470 ரூபாயும் சேர்ந்து 705 ரூபாய் வரும். பெரும்பாலோர் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 400 யூனிட் வரைக்கும் நிர்ணயித்த வீதமோ யூனிட்டுக்கு 4.80 ரூபாய். அதன்படி 300 யூனிட்டின் விலை 1,440 ரூபாய். மீதமுள்ள 735 ரூபாயை மாநில அரசு உங்கள் பெயரில் மின் பகிர்மானக் கழகத்துக்குக் கொடுக்கிறது. பாதிக்கு மேற்பட்ட பில்லை வரிப்பணம் கட்டுகிறது என்பதையும் நோட்டில் ஒரு பத்தியாக எழுதி வாருங்கள். பின்னால் ஆணையத்துக்கு மனு எழுதும்போது அந்தப் பத்திதான் கைகொடுக்கும்.

எல்லைக்கோட்டில் நிற்கும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 500 யூனிட்டுக்கு வரும் தொகை 1,805 ரூபாய். 501 ஆனவுடன் 101 முதல் 200 வரையிலான பாதிவிலைச் சலுகை போய்விடுகிறது. அந்த நூறு யூனிட்டும் 4.70 ரூபாய்க்கு ஏறுகிறது. 501-ஆவது யூனிட்டுக்கு 8.40 ரூபாய் சேர்கிறது. மொத்தம் 2,048.40 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243.40 ரூபாய். யூனிட் கூடக் கூட வீதமும் ஏறும் இந்த ஸ்லாப் முறை ஏழைக்குச் சலுகையும் வசதியுள்ளவருக்குச் சுமையும் என்ற எண்ணத்தில் போடப்பட்டது. ஆனால் ஒரே மீட்டரின் கீழ் மூன்று தலைமுறை வாழும் வீட்டை அது வசதியுள்ள வீடாகவே எண்ணிக்கொள்கிறது.

சமவெளி வீட்டோடு மலைவீட்டை ஒப்பிடும்போது கெய்சரை மறந்துவிடக் கூடாது. நமக்கு ஏசி இல்லை, பல வீடுகளில் மின்விசிறிகூட இல்லை. ஆனால் 15 டிகிரியில் குழாயில் வரும் தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்க, 15 லிட்டர் கெய்சர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.7 யூனிட் எடுக்கிறது. 28 டிகிரியில் தண்ணீர் வரும் ஊரில் அதே கெய்சருக்கு அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். நான்கு பேர் தினமும் ஒரு முறை குளித்தால் 60 நாளில் 168 யூனிட். இலவச 100 யூனிட்டும் அதற்கு மேல் ஒரு பங்கும் குளியலறையிலேயே தீர்ந்துவிடுகின்றன. இதற்கு மேல் உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் 2 கிலோவாட் ரூம் ஹீட்டரை ஒரு மணி நேரம் போட்டால் 2 யூனிட். ஆகவே உங்கள் நோட்டில் டிசம்பர்–ஜனவரிக் கணக்கைத் தனியாகக் குறித்து, அதை முந்தைய ஆண்டின் அதே கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆகஸ்ட் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் கொடுத்தால் அது நிற்காது.

தேதியையும் விடாமல் பாருங்கள். கணக்கெடுப்பவர் 60-ஆம் நாளுக்குப் பதில் 66-ஆம் நாள் வந்தால், நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீடு 480-இல் நிற்க வேண்டியது 528-இல் போய் நிற்கும், எல்லைக்கோடு தாண்டிவிடும். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்ட ஊர்களில் இது எளிதில் நடக்கக்கூடியது. 60-ஆம் நாள் காலையில் மீட்டரைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வேலைக்காகத் திருப்பூருக்கோ கோவைக்கோ குடும்பத்தோடு போய்விடுபவர்களின் வீட்டில் கதவு பூட்டியிருந்தால் முந்தைய கணக்கை வைத்துத் தொகை போட்டுவிடுவார்கள். ஊர் திரும்பியதும் உண்மையான அளவைக் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இனி இலங்கைக் கணக்கு. மாதம் 30 யூனிட் மட்டும் செலவழிக்கும் ஒரு லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இரண்டு பல்பு, ஒரு டிவி, கைப்பேசி சார்ஜர். 2022 ஆகஸ்டுக்கு முன் யூனிட்டுக்கு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய். ஆக 105 இலங்கை ரூபாய். அந்த ஆகஸ்டில் யூனிட் 8 ரூபாய், நிலையான கட்டணம் 120, ஆக 360. 2023 பிப்ரவரியில் யூனிட் 30 ரூபாய், நிலையான கட்டணம் 400, ஆக 1,300. ஆறே மாதத்தில் மூன்றரை மடங்குக்கு மேல், அதற்கு முந்தைய தொகையோடு பார்த்தால் பன்னிரண்டு மடங்குக்கு மேல். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி அப்போது 1,000 ரூபாய். அதே 30 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 60 யூனிட், பந்தலூரில் ஓடினால் பில் பூஜ்யம். அரசு நமக்காகக் கட்டுவது 288 ரூபாய்.

இந்த ஏற்றத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் “அந்த அரசு கொடுமைக்கார அரசு, நம் அரசு தாராள அரசு” என்று முடிவுகட்டுவது சரியல்ல. இலங்கை மின்சார சபை 1969-இல் சட்டப்படி அமைக்கப்பட்டது. மின் உற்பத்தியின் பெரும்பங்கும், மின்தொடரமைப்பும், விநியோகத்தின் பெரும்பகுதியும் அதன் கையில் இருந்தன. மேற்குக் கரையோரத்தில் லெக்கோ என்ற நிறுவனம் 1983 முதல் விநியோகம் செய்கிறது, அதுவும் அரசுசார்ந்ததே. 2014-இல் கட்டணத்தைக் குறைத்தார்கள். 2022 வரை ஏற்றவில்லை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் டாலரில் பணம் போய்க்கொண்டிருக்க, பில் மட்டும் பழைய விலையில் நின்றது. இடைவெளியைச் சபையின் கடனும் திறைசேரியும் (அரசுக் கருவூலம்) அரசு வங்கிகளும் சுமந்தன. டாலர் தீர்ந்தபோது 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் தந்தது. உற்பத்திச் செலவைக் கட்டணமே ஈடுகட்ட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. எட்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டியது ஆறு மாதத்தில் ஏறியது. கட்டண உயர்வை எதிர்த்த, அங்கே மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவரை 2023 மே மாதம் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்திப் பதவி நீக்கியது. பிறகு 2024-இல் இரண்டு முறை கட்டணம் குறைந்து, 2025 ஜனவரியில் மேலும் 20 விழுக்காடு குறைந்தது. நம் லயத்து வீட்டின் பில் 195 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் 15 விழுக்காடு ஏறியது.

நம் பக்கமும் அதே இடைவெளி உண்டு. மறைந்திருக்கும் இடம்தான் வேறு. 2017-இல் மின் விநியோக நிறுவனங்களின் கடன்சுமையைக் குறைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. பில்லில் வராத அந்தத் தொகை வேறு வரிகளில் வந்து சேர்கிறது. ஆணையத்தின் 2022 கட்டண ஆணைக்குப் பின் ஆண்டுதோறும் ஜூலையில், பணவீக்கத்துக்கு ஏற்ப, 6 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டணத்தை உயர்த்த வழி இருக்கிறது. 2023-இலும் 2025-இலும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றது. எனக்கு இதில் மகிழ்ச்சியும் கவலையும் கலந்தே வருகின்றன. ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விநியோக உரிமம் தர 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இடம் கொடுக்கிறது. மும்பையில் அப்படி நடக்கிறது, இங்கே நடக்கவில்லை. கடையை மாற்ற முடியாத வாடிக்கையாளருக்குக் கேள்வி கேட்கும் உரிமை ஒன்றுதான் மிச்சம். விலையே தெரியாவிட்டால் அந்தக் கேள்வியும் எழாது. பைக்காராவிலும் குந்தாவிலும் நம் மலைத்தண்ணீரில்தானே கரண்ட் எடுக்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. மஸ்கெலியாவின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்து லயத்திலும் இதே கேள்விக்கு இடமுண்டு. இரு இடங்களிலும் எல்லா மின்சாரத்தையும் சேர்த்து ஒரே விலை போடுவதால், அணைக்கு அருகில் இருப்பதற்குத் தனிச் சலுகை கிடையாது.

பில்லில் தவறு தெரிந்தால் முதலில் பிரிவு அலுவலகத்தில் உதவி மின்பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு தெரியும் வரை பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியின்படி கணக்கிட்ட தொகையையோ, எது குறைவோ அதை, ஆட்சேபத்துடன் செலுத்தினால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. 15 நாள் எழுத்து அறிவிப்பு இல்லாமலும் துண்டிக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட, இடையில் பில்லில் தொடர்ந்து காட்டப்படாத நிலுவைக்காகவும் துண்டிக்கக் கூடாது. அலுவலகத்தில் தீராவிட்டால் மின் வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றம். அங்கும் தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளர். கட்டணம் இல்லாத வழிகள் இருக்கும்போது எடுத்த எடுப்பில் வக்கீலிடம் போக வேண்டியதில்லை.

வீட்டு இணைப்பில் காட்டேஜ் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது சாதாரணமாகிவிட்டது. கண்டுபிடித்தால் அதே சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி உரிய வீதத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். விருந்தினர் அறைக்குத் தனி வணிக இணைப்பு வாங்குவது அதைவிட மலிவு.

கடைசியாக, ஆணையத்துக்கு எழுதும் முறை. கட்டண மனுவின் சுருக்கம் நாளிதழில் வந்ததும் கருத்துச் சொல்லக் கால அவகாசம் தருவார்கள். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நீலகிரிக்காரர் கோவைக்கும், கொடைக்கானல்காரர் மதுரைக்கும் இறங்க வேண்டியிருந்தது. போக முடியாதவர் எழுத்தில் அனுப்பலாம். மனுவில் “ஏழைகளைக் காப்பாற்றுங்கள்” என்று எழுதுவதைவிட, உங்கள் நோட்டிலிருந்து ஆறு கணக்கீடுகளை எடுத்துப் போடுங்கள்: யூனிட், கட்டிய தொகை, அரசு கட்டிய தொகை, கணக்கெடுத்த நாள். குளிர்மாதக் கணக்கைக் காட்டி, மலை மாவட்ட வீடுகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 500 யூனிட் எல்லையை உயர்த்துமாறு கேளுங்கள். மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்படி அரசு மானியத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற பட்டியலை வெளியிடுமாறு அடுத்த பத்தியில் கேளுங்கள். மின் இணைப்பு எண்ணையும் முகவரியையும் எழுதி, கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.