ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஜெபிக்கும் விதம்

"பயமா இருக்கு ஆண்டவரே" என்று பொதுவாக ஜெபித்தால் மனம் அடங்காது. எதற்குப் பயம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: மயக்க ஊசியா, செலவா, பிள்ளைகளா? டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தனியே குறித்து, காலையில் கேட்டுவிடுங்கள். மீதியை ஒவ்வொன்றாகக் கர்த்தரிடம் சொல்லுங்கள்.

பிறகு பைபிளில் 23-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள், 6 வசனங்கள்தான். முதல் மூன்றிலும் "கர்த்தர்", "அவர்" என்று பேசுகிற தாவீது, இருளின் பள்ளத்தாக்கு வருகிற நான்காவதில் "தேவரீர்" என்று நேருக்கு நேர் பேச ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் சொந்த வார்த்தையில் தொடருங்கள்.

நடுக்கம் போகாவிட்டால் விசுவாசக் குறைவு என்று கலங்காதீர்கள்; சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்ட இயேசுவே மூன்று முறை ஜெபித்தார். ஜெபித்தாயிற்று என்று டாக்டர் போடச் சொன்ன மாத்திரையை விட்டுவிடாதீர்கள். தூக்கம் வராவிட்டால், கூட இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.