ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன்: துபாய் ஒப்பந்த வேலைக்குப் போகும் வழி, படிப்படியாக

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்தான். "அண்ணே, விசா வந்துருச்சு. நாளைக்குள்ள எழுபதாயிரம் கட்டணுமாம்" என்றான். செல்போனில் ஒரு மங்கலான படம். எலக்ட்ரீஷியன் வேலை, மாதம் 1,800 திர்ஹாம் என்று ஏஜெண்ட் போனில் சொன்னாராம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது 60 நாள் விசிட் விசா. கம்பெனி பெயர் இல்லை, வேலையின் பெயர் இல்லை, சம்பளம் இல்லை. அவன் அம்மா அதற்குள் தோடு, சங்கிலியை எடுத்து வைத்துவிட்டார், காலையில் அடகுக்குப் போக.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் ஷார்ஜாவிலும் அபுதாபியிலும் இரண்டு கான்ட்ராக்ட் முடித்து வந்தவன். எனக்குத் தெரிந்தது ஐக்கிய அரபு அமீரகம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். இந்தியாவில் செய்ய வேண்டிய வேலைகள் மற்ற வளைகுடா நாடுகளுக்கும் பெரும்பாலும் இதேதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைச் சோதிப்பது முதலில், அப்புறம் காகிதம், அதற்கும் அப்புறம்தான் பணம். ஏமாற்றுகிறவர்கள் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்குகிறார்கள். "முதலில் அட்வான்ஸ் போடு, பேப்பர் பின்னாடி வரும்" என்று யார் சொன்னாலும் அங்கேயே நின்றுவிடுங்கள்.

படி 1: பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

பாஸ்போர்ட் இ.சி.ஆர். (எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு, அதாவது வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி வேண்டும்) வகையா இல்லையா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதை வைத்து அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், புலம்பெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. இதைப் பலரும் பெரிய சலுகையாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இ.சி.ஆர். காரர் போகும்போது அவருடைய ஒப்பந்தத்தை ஒரு அரசு அலுவலகமாவது பார்க்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவரின் ஒப்பந்தத்தை அவரைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. படித்தவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஐ.டி.ஐ. சான்றிதழ், அனுபவச் சான்று, பாஸ்போர்ட் ஆகியவற்றை ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வேலையைத் தேடும் இடங்கள்

முதலில் பார்க்க வேண்டியது தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978-ல் தொடங்கியது. அதன் தளத்தில் பதிவு செய்து வைத்தால், வெளிநாட்டுக் கம்பெனி ஆள் கேட்கும்போது தகவல் வரும். எல்லாத் தொழிலுக்கும் எப்போதும் வேலை இருக்காது. ஆனாலும் பதிவு செய்து வையுங்கள்.

அடுத்தது, ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற உறவுக்காரர், ஊர்க்காரர். "உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா?" என்பதோடு நிறுத்தாமல், "உங்களுக்குச் சம்பளம் எத்தனையாம் தேதி ஏறுகிறது? ஒரு ரூமில் எத்தனை பேர்?" என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, ஏஜென்சிகளின் விளம்பரம். தினசரிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நிறைய வருகின்றன. பதிவு எண் போடாத விளம்பரத்தை அப்படியே தள்ளிவிடுங்கள்.

படி 3: ஏஜெண்ட் யார் என்று சோதியுங்கள்

1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஏஜென்சியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெயர் வந்தவுடன் மூடிவிடாதீர்கள். அதில் உள்ள முகவரியும் விசிட்டிங் கார்டில் உள்ள முகவரியும் ஒன்றா, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாமல் ஆள் எடுப்பதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் அதே தளத்தில் உண்டு. அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி சப்-ஏஜெண்ட் கதை. நம் ஊர்களில் பெரும்பாலும் ஏஜென்சி நேரே வருவதில்லை. டீக்கடையில் தெரிந்தவர், செல்போன் கடைக்காரர், கல்யாணத்தில் பார்த்த தூரத்து மாமா என்று யாராவது ஒருவர் நடுவில் இருப்பார். பதிவு பெற்ற ஏஜெண்டின் பெயரைச் சொல்லி, பணத்தைத் தன் கையில் வாங்குவார். சட்டம் சப்-ஏஜெண்டை ஏற்பதில்லை. முதல் தடவை நான் போனபோது ஊர்க்காரர் ஒருவரிடம் நாற்பதாயிரம் கொடுத்தேன், ரசீது இல்லாமல். வேலை இழுத்தடித்ததும் சென்னையில் உள்ள ஏஜென்சிக்கே போய்க் கேட்டேன். "உங்கள் பெயரில் எங்களுக்கு எந்தப் பணமும் வரவில்லையே தம்பி" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். என்னிடம் காகிதம் இல்லாததால் எதையும் கேட்க முடியவில்லை. அந்தக் கடனை அடைக்க வீட்டில் ஒரு வருடம் ஆனது.

அதனால் நடுவில் யார் இருந்தாலும், ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அந்த ஏஜென்சி அலுவலகத்தை நேரில் பாருங்கள். சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கும். போன் செய்து, "இன்னார் உங்கள் ஆளா? இந்தக் கம்பெனிக்கு உங்களிடம் டிமாண்ட் லெட்டர் (ஆள் வேண்டும் என்று கம்பெனி தரும் கடிதம்) இருக்கிறதா?" என்று கேளுங்கள். முறையாக நடத்துகிறவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

படி 4: இன்டர்வியூவும் டிரேட் டெஸ்ட்டும்

உண்மையான கம்பெனி வேலைக்கு ஏதாவது ஒரு தேர்வு இருக்கும். "இன்டர்வியூவே வேண்டாம், நேரடி விசா" என்றால் சந்தேகப்படுங்கள்.

என் இரண்டாவது கான்ட்ராக்ட்டுக்கு ஒரு பெரிய கூடத்தில் பலகைகளை மாட்டி வைத்திருந்தார்கள். இரண்டு டூ-வே சுவிட்ச், ஒரு விளக்கு, ஸ்டேர்கேஸ் வயரிங் (ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைப்பது). அரை மணி நேரம். பக்கத்துப் பலகையில் நின்ற அண்ணனுக்கு என்னைவிட வேகமான கை. ஆனால் திருத்தம் செய்ய வேண்டி வந்தபோது, மெயினை அணைக்காமல் ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டார். பின்னால் நின்ற இன்ஜினியர் அந்த நொடியே காகிதத்தில் அவர் பெயரைக் கோடிட்டார். வேகத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. அணைத்தானா, டெஸ்டர் வைத்துப் பார்த்தானா, வயர் முனையைச் சுத்தமாகச் சீவினானா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

தேர்வாகிவிட்டால் வந்திருக்கும் கம்பெனி ஆளிடமே கேட்டுவிடுங்கள்: பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, துபாய், ஷார்ஜா என்று எந்த எமிரேட்டில் வேலை. ஏஜெண்ட் சொன்ன பதிலும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

படி 5: ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான்.

அமீரகத்தில் தனியார் கம்பெனி உங்களை எடுக்கிறது என்றால், பொதுவாக அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் லெட்டர் வர வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்த கடிதம் போதாது. அந்தப் படிவம் அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழி ஒன்றிலும் தர ஏற்பாடு உண்டு. அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. "தமிழ்ப் பிரதி கொடுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. பலருக்கு இது தெரியாததால் யாரும் கேட்பதில்லை. லெட்டரில் உள்ள பரிவர்த்தனை எண்ணை அமைச்சகத்தின் தளத்தில் போட்டு, அது உண்மையானதா என்றும் பார்க்கலாம்.

சம்பளப் பகுதிக்கு வாருங்கள். "மாதம் 1,500" என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். லெட்டரில் பேசிக் 900, மற்ற அலவன்ஸ்கள் 600, மொத்தம் 1,500 என்று இருக்கலாம். பொய் இல்லை. ஆனால் ஓவர்டைமும் கடைசியில் வரும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) பேசிக்கை வைத்துத்தான் கணக்கு. தோராயமாகப் போட்டுப் பார்ப்போம்.

பேசிக் 900 என்றால் நாளுக்கு 30, மணிக்கு 3.75 திர்ஹாம். பகல் ஓவர்டைமுக்குச் சட்டப்படி 25 சதவீதம் கூட. அதாவது மணிக்கு 4.69. தினம் இரண்டு மணி நேரம், 26 நாள் செய்தால் மாதம் 244 திர்ஹாம். பேசிக்கே 1,500 என்றால் அதே உழைப்புக்கு 406. இரண்டு வருடத்தில் வித்தியாசம் 3,900 திர்ஹாம். கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக். அதில் இரண்டு வருடத்துக்கு இன்னொரு 840 போகும். ஆக, "மொத்தம் 1,500" என்ற ஒரே சொல்லுக்குள் நாலாயிரத்து எழுநூறு திர்ஹாமுக்கு மேல் ஒளிந்திருக்கிறது. பேசிக்கை உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காமல் போகலாம். தெரிந்து போவதற்கும் தெரியாமல் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மற்ற வரிகள்: வேலையின் பெயர் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறதா, ஹெல்பர் என்று இருக்கிறதா? பயிற்சிக்காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. வார வேலை நேரம் 48 மணி. ஒரு வருடம் முடித்தால் 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் ஆகியவை காகிதத்தில் இருந்தால்தான் கணக்கு. வாய்ப்பேச்சில் கிடைத்தவை விமானம் ஏறியதும் போய்விடும்.

புரியாமல் கையெழுத்து போடாதீர்கள். "இன்று மாலைக்குள்" என்று அவசரப்படுத்தினால், "நாளைக்குப் படித்துவிட்டுப் போடுகிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்காத வேலை என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

படி 6: பணம்

இந்திய விதிப்படி ஏஜெண்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். அமீரகச் சட்டம் இன்னும் கண்டிப்பானது: ஆள்சேர்ப்புச் செலவை முதலாளி தொழிலாளியிடம் வாங்கவே கூடாது, நேரடியாகவும் சரி, சுற்றி வளைத்தும் சரி. எனவே "விசா காசு" என்று எண்பதாயிரம், ஒரு லட்சம் கேட்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஊரில் லட்சம் கொடுத்துப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பது எனக்கும் தெரியும். "அவன் கொடுத்தான், போனான், வீடு கட்டினான்" என்பார்கள். கொடுத்துவிட்டுப் போகாமலே நின்றவர்கள் வெட்கத்தில் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

கட்டும் பணத்தை ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். தனிநபரின் ஜி-பே எண்ணில் போடாதீர்கள். பாஸ்போர்ட் அசலை யாரிடமாவது கொடுக்க நேர்ந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: விசாவைப் படியுங்கள்

அமீரக வேலை விசா முதலில் என்ட்ரி பெர்மிட்டாக (நுழைவு அனுமதி) மின்னணு வடிவில் வரும். அதில் வேலைக்கான பெர்மிட் என்று இருக்க வேண்டும். கம்பெனி பெயரும் தொழிலும் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும். டூரிஸ்ட், விசிட் என்று இருந்தால் அதில் போய் வேலை செய்வது சட்டவிரோதம். "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பிப் போனால், மாட்டிக்கொண்ட பின் புகார் கொடுக்கக்கூட உங்கள் கையில் ஒப்பந்தம் இருக்காது. "ஃப்ரீ விசா" என்று விற்கப்படுவதும் இதே ஆபத்துதான். காகிதத்தில் ஒரு முதலாளி இருப்பார், வேலை இருக்காது.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று வரும் அழைப்புகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022-ல் அப்படிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மாரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பின்பு மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அவர்களும் படித்த பிள்ளைகள்தான்.

படி 8: கிளம்பும் முன்னும், இறங்கிய பின்னும்

இ.சி.ஆர். காரர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாயும் வரியும்தான். புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சியும் இலவசமாக நடத்துகிறார்கள், போய் வாருங்கள்.

எல்லாக் காகிதத்தின் பிரதியும் வீட்டில் ஒரு செட் இருக்கட்டும். அம்மாவுக்கோ மனைவிக்கோ கம்பெனி பெயரையும் கேம்ப் (தொழிலாளர் தங்குமிடம்) இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அங்கே இறங்கிய பின் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம், ஊரில் பார்த்த ஆஃபர் லெட்டரோடு ஒத்திருக்க வேண்டும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. சம்பளம் வங்கி வழியாக வர வேண்டும். பிரச்சினை என்றால் துபாயில் உள்ள இந்தியர் உதவி மையத்தின் இலவச எண் 800 46342. இந்தியாவிலிருந்து வீட்டார் கூப்பிட 1800 11 3090. கிளம்பும் முன்பே இரண்டையும் செல்லில் பதிந்து வையுங்கள்.

அந்தத் தம்பி மறுநாள் ஏஜெண்டுக்குப் போன் போட்டு ஆஃபர் லெட்டர் கேட்டான். இரண்டு நாள் "அனுப்புறேன், அனுப்புறேன்" என்றவர் அப்புறம் எடுக்கவே இல்லை. தோடும் சங்கிலியும் பீரோவுக்குத் திரும்பிவிட்டன. இப்போது அவன் அரசு நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்திருக்கிறான். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பலகையை வைத்து ஸ்டேர்கேஸ் வயரிங் போட்டுப் பழகுகிறான்.