ஆறாத புண்ணில் கிருமி பார்க்கும் ஒளி: பரிசோதனைக்கு முன் செய்யக்கூடாதவை

சர்க்கரை நோயாளியின் பாதப்புண் வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தால், கிருமி பெருகிவிட்டதா என்பதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும். சீழை எடுத்துக் கல்ச்சர் செய்தால், அதாவது அதிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்தால், முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். 405 நானோமீட்டர் ஊதா ஒளிக் கருவி, புண்ணைத் தொடாமலே சில நிமிடத்தில் காட்டுகிறது: பல பாக்டீரியாக்கள் சிவப்பாகவும், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நீலப்பச்சையாகவும் ஒளிரும். கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ பஸ் பிடித்துக் கோயம்புத்தூருக்கு இறங்குபவருக்கு இந்த வேகம் பெரிய உதவி.

ஆனால் பலர் புண்ணில் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் அதே ஒளியில் தானும் மஞ்சள்பச்சையாக மின்னும். காப்பித்தூளும் உறைந்த ரத்தமும் கிருமியின் ஒளியை மறைத்துவிடும். எதையும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் நர்ஸிடம் தயங்காமல் சொல்லுங்கள். சலைனால் கழுவி, அறையை இருட்டாக்கிய பிறகு பார்ப்பார்கள்.

சிவப்பு தெரிந்ததுமே ஆன்டிபயாடிக் கேட்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆறாத புண் எதிலும் கிருமி இருக்கத்தான் செய்யும். அது எங்கே குவிந்திருக்கிறது, எங்கே சுத்தம் செய்ய வேண்டும் என்பதைத்தான் ஒளி காட்டுகிறது. அது தொற்றுதானா என்பதை வீக்கம், சூடு, வலி, சீழ் எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். சரி, ஒன்றுமே ஒளிரவில்லை என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இப்படிச் சிவப்பாக ஒளிராது. ஒளி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம்வரைதான் எட்டும்; எலும்பில் ஏறிய தொற்று அதற்குத் தெரியாது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் இரண்டு பாதங்களையும் ஒரே இடத்தில் அளந்து ஒப்பிடுவது இன்னொரு வழி. வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே அழற்சி இருக்கலாம். ஊட்டிக் குளிரில் இங்கேதான் தப்பு நடக்கிறது. கம்பூட்ஸைக் கழற்றிய கையோடோ, அடுப்பருகே ஒரு காலை நீட்டியிருந்துவிட்டோ அளந்தால் கணக்கே மாறிவிடும். சாக்ஸைக் கழற்றிவிட்டு ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். மரத்த காலை நெருப்பில் காட்டவே கூடாது; சுட்டாலும் தெரியாது.

அப்புறம், மரத்த காலில் வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கறுத்த தோலில் சிவப்பும் எளிதில் தெரியாது. புதிதாக நாற்றம், நீர்வடிதல், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை இவற்றைக் கவனியுங்கள். காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் மேலேறினாலோ, விரல் கறுத்தாலோ எந்தக் கருவிக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரவானால் 108-ஐக் கூப்பிடுங்கள்.