அரிய ஆஸ்திரேலிய மலைப்பாம்புகள்: வளர்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

காட்டில் அபூர்வமாகத் தென்படும் பாம்பைக் கூண்டில் வளர்ப்பதும் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. சொரசொரப்புச் செதில் மலைப்பாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கிம்பர்லியின் பாறைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் வாழ்வது. 1981-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே கிடைத்தது. அதன் பிறகும் நேரில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைதான். 2000-ஐ ஒட்டி ஜான் வெய்கல் தலைமையில் ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க் என்ற ஊர்வனக் காட்சியகத்தின் குழுவினர் அனுமதி வாங்கி ஐந்து பாம்புகளைக் கொண்டுவந்தார்கள். அவை தயங்காமல் எலி தின்றன, முட்டையிட்டன, பெருகின. இன்று உரிமம் வைத்திருக்கும் சாதாரண ஆஸ்திரேலிய வளர்ப்பாளரும் அதை வாங்க முடிகிறது. அதன் வாழிடம் சின்னது, மனிதர் எளிதில் போகமுடியாதது. அதனால்தான் அது அரிது. மற்றபடி பாம்பு ஒன்றும் நோஞ்சான் இல்லை.

ஆனால் அந்தப் பெருக்கம் முழுக்க ஐந்தே பாம்புகளின் வாரிசுகள். இங்கேதான் இரண்டாவது தவறு வருகிறது. ஒரே ஈட்டில் பிறந்த ஆணையும் பெண்ணையும் "ஜோடி" என்று வாங்கி இனப்பெருக்கம் செய்வது. தாய் தந்தை யார் என்ற குறிப்பே இல்லாமல் குட்டிகளை விற்பது. அழகான நிறத்துக்காக வேறு மலைப்பாம்போடு கலப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், வம்சக் குறிப்பு எழுதும் பொறுமை இல்லாதவர்கள் அரிய இனத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கூண்டில் பெருகிவிட்டால் இனம் பிழைத்துவிட்டது என்று சொல்வதும் அவசரப் பேச்சு. வட ஆஸ்திரேலியாவில், ஆர்னம் லாண்டின் மணற்பாறைப் பீடபூமியில் வாழும் ஓன்பெல்லி மலைப்பாம்பு நான்கு மீட்டருக்கு மேலும் வளரும். இரவில் அதன் நிறம் வெளிறிவிடும். டார்வின் நகரைச் சேர்ந்த கேவின் பெட்ஃபோர்ட் அதைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்துகாட்டினார். பெரிய சாதனைதான். ஆனால் வறண்ட பருவத்தின் பிற்பகுதியில் பரவும் கடும் காட்டுத்தீயும், அதன் இரையான சிறு பாலூட்டிகள் வட ஆஸ்திரேலியாவில் குறைந்துவருவதும் அப்படியேதானே இருக்கின்றன?

அன்றாடப் பராமரிப்பில் அதிகம் கெடுப்பது பாசம்தான். பாம்பு வாயைத் திறக்கிறது என்பதற்காக வாரா வாரம் எலி போடுகிறார்கள். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு எலி பெரும்பாலும் போதும். உடம்பு வளையும் இடத்தில் மடிப்பு விழுகிறதா, செதில்களுக்கு நடுவே தோல் எப்போதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கொழுத்துவிட்டது என்று அர்த்தம். மாறாக, குளிர்கால இணைசேரும் பருவத்தில் ஆண் பாம்பு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடை குறையாமல், சுறுசுறுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். பயந்துபோய் வாயில் திணிக்க வேண்டாம்.

கருந்தலை மலைப்பாம்பும் அதன் உறவான வோமா மலைப்பாம்பும் தனி ரகம். மற்ற மலைப்பாம்புகளின் உதட்டோரம் இருக்கும் வெப்பம் உணரும் குழிகள் இவற்றுக்கு இல்லை. இயற்கையில் பல்லி, ஓணான், ஏன், பாம்பையே விழுங்குபவை. அதனால் கருந்தலைக் குட்டி எலிக்குஞ்சை ஏறிட்டும் பார்க்காமல் இருக்கலாம். அப்போது பல்லி உரித்த தோலை எலிக்குஞ்சின் மேல் தேய்த்து வாசனை ஏற்றிக் கொடுப்பார்கள். சாப்பிடப் பழகியதும் வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டை ஒரே கூண்டில் விட்டால், காலையில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கலாம்.

தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி) இல்லாத ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), நாள் முழுக்க ஈரம் சொட்டும் கூண்டு, இவை இரண்டும் பழைய கதை. முன்னது வயிற்றைச் சுடும், பின்னது செதிலை அழுகவைக்கும். மழைக்காட்டில் வாழும் பச்சை மர மலைப்பாம்புக்குக்கூடத் தண்ணீர் தெளித்தபின் உலர நேரம் வேண்டும்.

புதிதாக வந்த பாம்பை நேரே மற்றவற்றின் பக்கத்தில் வைப்பது இதையெல்லாம்விட ஆபத்து. சன்ஷைன் வைரஸ், நிடோவைரஸ் இரண்டும் மலைப்பாம்புகளைக் கொல்லக்கூடியவை. தொற்றிய பாம்பு ஆரோக்கியமாகவே தெரியலாம். குறைந்தது மூன்று மாதம் தனி அறை, தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். அந்தக் கிண்ணத்தைத் தினமும் உற்றுப் பாருங்கள். அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் அது அழுக்கு அல்ல, மூழ்கிச் செத்த பாம்புப் பேன்.

அப்புறம் சட்டமும் காகிதமும். ஆஸ்திரேலியா தன் மண்ணுக்குரிய ஊர்வனவற்றை உயிரோடு வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. பச்சை மர மலைப்பாம்பு நியூ கினியிலும் இருப்பதால் இந்தோனேசியா வழியாக வெளிச்சந்தைக்கு வருகிறது. ஆனால் அங்கிருந்து "பண்ணையில் பிறந்தவை" என்று போனவற்றில் பெரும்பகுதி காட்டில் பிடித்தவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாங்காக்கிலிருந்து பெட்டியில் வந்த ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி. கடைக்காரர் தரும் ரசீதை மட்டும் நம்பி இங்கே யாரும் வாங்க வேண்டாம். மலைப்பாம்புகள் அனைத்தும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட இந்திய வனவிலங்குச் சட்டப்படி, அப்படிப்பட்ட அயல்நாட்டு விலங்கை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும்; குட்டி பிறந்தாலும், பாம்பு செத்தாலும், கைமாறினாலும் தகவல் கொடுக்க வேண்டும்.