மழைக்கு முன் ஏரிக்கரை: ஊரும் பொறியாளரும் துறைகளும் சேர்ந்து செய்யும் வேலை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 14,000 சொச்சம் நீர்வளத் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன; மற்றவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் கையில். ஆயக்கட்டு (ஏரி நீரில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஒன்றியம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஒரே ஏரியில் கரை ஒரு துறையிடம் இருக்கும், கரைமேல் போகும் சாலை இன்னொரு துறையிடம் இருக்கும். உபரிநீர் வாய்க்கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்காகக் கிடக்கும். அந்த வாய்க்காலின் குறுக்கே ஊராட்சி ஒரு குழாய்ப் பாலம் போட்டிருக்கும். கரை கசிகிற இரவில்தான் இதெல்லாம் தெரியவரும் என்றால் காலம் கடந்துவிட்டது.

ஆகவே ஜூலையிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், கரை, பாசனத்துக்குத் திறக்கும் ஒவ்வொரு மதகு, ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழியும் கலங்கல், அந்த நீர் போகும் போக்குக் கால்வாய், அதைக் கடக்கும் ஒவ்வொரு பாலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பான துறை, பதவி, கைபேசி எண், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர். வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) நில விவரம் உள்ள அ-பதிவேடும் புல வரைபடமும் கிடைக்கும். நீர்வளத் துறை ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) கேட்க வேண்டியவை ஐந்து: முழு நீர்மட்டம், கரை உச்சி மட்டம், கலங்கலின் நீளம், நீர்ப்பிடிப்புப் பரப்பு, நமக்கு மேலும் கீழும் உள்ள ஏரிகளின் பெயர். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலித்தொடர் ஏரிகளில் மேல் ஏரி உடைந்தால் அதன் மொத்த நீரும் நம் ஏரிக்குத்தான் வரும்.

கரை நடை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். கரையை நடந்து பார்ப்பது ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடிந்தால்தான் வேலைக்கு அவகாசம் இருக்கும். ஏ.இ. அல்லது பணி ஆய்வாளர், ஊராட்சித் தலைவர், பாசன சங்கத் தலைவர், மடை திறக்கும் நீர்க்கட்டி ஆகியோர் கட்டாயம் வர வேண்டும். இவர்களோடு கரைக்குக் கீழே தாழ்வான தெருவில் குடியிருக்கும் இருவரும் வரட்டும். எந்த வருடம் எந்த வாசற்படி வரை தண்ணீர் ஏறியது என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது, அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

கரையின் உச்சியில் ஒருமுறையும், வெளிப்புற அடிவாரத்தில் ஒருமுறையும் நடக்க வேண்டும். உச்சியில் தேடுவது தாழ்ந்த இடங்களை. டிராக்டரும் மாடும் ஏறி இறங்கிய தடங்களில் ஒன்றரை அடி வரை தேய்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஏ.இ.யிடம் லெவல் கருவி இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் கொத்தனாரின் டியூப் லெவலே (நீர் நிரப்பிய குழாய்) போதும். 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, கலங்கலின் உச்சியிலிருந்து மட்டத்தைக் கடத்திக்கொண்டே போகலாம். குழாயில் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகிவிடும். பிழை ஒவ்வொரு முளைக்கும் கூடிக்கொண்டே போகும் என்பதால், முடிந்ததும் திரும்பக் கலங்கல் வரை அளந்து சரிபார்க்க வேண்டும்.

அடிவாரத்தில் தேடுவது ஈரத்தை. ஆகஸ்ட் வெயிலிலும் கோரை பச்சையாக நிற்கும் இடம், எலி வளை, நண்டு வளை, மதகின் கட்டுமானமும் மண்ணும் சேரும் விளிம்பு. கசிவு பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் பிறக்கும்: கோடையில் மண் சுருங்கிக் கட்டுமானத்தை விட்டு விலகும், மழையில் அந்த இடுக்கு வழியே நீர் புகும். வளையின் வாயை மட்டும் அடைத்துப் பயனில்லை. வளை போகும் தடம் வரை தோண்டித் திறந்து, களிமண்ணை அரை அடி அடுக்காகப் போட்டு, ஈரப்படுத்தி, திமிசுக் கட்டையால் இடித்து மேலே வர வேண்டும். தாழ்ந்த இடத்தை உயர்த்தும்போதும் பழைய சரிவில் படி வெட்டிய பிறகே புது மண் போட வேண்டும். படி வெட்டாமல் கொட்டிய மண் முதல் கனமழையில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஜே.சி.பி. பக்கெட்டால் நாலு தட்டுத் தட்டியதைக் கெட்டிப்படுத்திய மண் என்று யாரும் பில்லில் எழுத விடாதீர்கள்.

சீமைக் கருவேலத்தை மழைக்கு முன் வேரோடு பிடுங்கும் ஆர்வம் பல ஊர்களில் உண்டு. செப்டம்பருக்குப் பிறகு அது ஆபத்து. வேர் பிடுங்கிய குழியில் மண் இறுகப் பல மாதம் ஆகும். அந்த நேரத்தில் தரையோடு வெட்டிவிட்டு, வேரைக் கோடைக்கு விடுவதே சரி.

பார்த்ததை ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். "ஏரியைச் சீரமைக்க வேண்டும்" என்ற தீர்மானத்தை வைத்து எந்தப் பொறியாளராலும் மதிப்பீடு போட முடியாது. "இரண்டாம் மதகுக்குக் கிழக்கே 40 மீட்டரில், 12 மீட்டர் நீளத்துக்குக் கரை ஒன்றரை அடி தாழ்ந்துள்ளது" என்று எழுதினால் அந்த வாரமே போட முடியும்.

ஒரு கணக்கு

இதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டுக்காட்ட வேண்டும். 1 சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 கன மீட்டர், அதாவது சுமார் 3.5 லட்சம் கன அடி நீர். நீர்ப்பிடிப்பு 5 சதுர கிலோமீட்டர், மழை 20 சென்டிமீட்டர், அதில் பாதி ஓடிவருகிறது என்று வைத்தால் 1.75 கோடி கன அடி. இது 24 மணி நேரத்தில் சீராக வந்தால் விநாடிக்கு 200 கன அடிதான். ஆனால் 6 மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் விநாடிக்கு 800. மண் ஏற்கனவே நனைந்திருந்தால் பாதிக்கு மேலேயும் ஓடிவரும்.

100 அடி நீளக் கலங்கலின் மேல் 1 அடி உயரத்துக்கு நீர் வழிந்தால் விநாடிக்கு சுமார் 310 கன அடி வெளியேறும். 2 அடி உயரத்துக்கு வழிந்தால் ஏறத்தாழ 875. ஆக, மேற்சொன்ன 800 கன அடி வெளியேற ஏரி முழு நீர்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 2 அடி உயர வேண்டும். கரை முழு நீர்மட்டத்தைவிட 5 அடி கூடுதலாகக் கட்டப்பட்டது என்றால் 3 அடி மிச்சம். கவலையில்லை.

இப்போது டிராக்டர் தடத்தில் ஒன்றரை அடி தேய்ந்ததைக் கழியுங்கள். கூடுதல் உயரம் மூன்றரை அடியாகிறது. கலங்கலின் மேல் யாரோ ஒரு அடிக்கு மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். 1 அடி மூட்டை, அதன் மேல் 2 அடி நீர், காற்றுக்கு எழும் அலை அரை அடி. மூன்றரை அடி தீர்ந்துவிட்டது. மண்கரையின் தலைமேல் நீர் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவை அரித்துக்கொண்டு சில மணி நேரத்தில் உடைப்பாகிவிடும்.

கலங்கல் சண்டை

மூட்டை அடுக்குவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயக்கட்டு விவசாயிக்கு இன்னும் ஒரு அடி நீர் என்பது இன்னும் ஒரு நனைப்பு. கலங்கலுக்குக் கீழே மனை வாங்கியவருக்கோ ஏரி அரை வயிற்றோடு இருப்பதே நிம்மதி. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மழை கொட்டும் இரவில் கலங்கல் மேல் நின்று இதைத் தீர்க்க முடியாது. ஒருவர் கையில் மண்வெட்டியும் இன்னொருவர் கையில் மூட்டையுமாக நிற்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டியிருக்கும்.

ஆகவே அக்டோபர் 2 கிராம சபைக்குள் மூன்று விஷயங்களை எழுத்தில் முடித்துவிட வேண்டும். முதலாவது, கலங்கல் உச்சிக்கு மேல் மூட்டை, பலகை எதுவும் டிசம்பர் 31 வரை வைப்பதில்லை. இரண்டாவது, வானிலை மையம் மிகக் கனமழை, அதாவது 24 மணி நேரத்தில் 11.6 சென்டிமீட்டருக்கு மேல் என்று அறிவித்தால், எந்த மட்டத்திலிருந்து எந்த மதகைத் திறப்பது. மூன்றாவது, திறக்கச் சொல்லும் வாய் யாருடையது. நீர்வளத் துறை ஏரியில் அது ஏ.இ. அல்லது அவருக்கு மேலதிகாரி. ஒன்றிய ஏரியில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) தரப்புப் பொறியாளர். நீர்க்கட்டி அந்த ஒரு குரலுக்கு மட்டுமே கட்டுப்படுவார் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். விவசாயிகள் தரப்பு இதற்குச் சம்மதிக்க வேண்டுமானால் கைம்மாறு ஒன்று தேவை: முன்கூட்டி வெளியேற்றிய நீருக்கு ஈடாக, மழை குறைந்ததும் வரத்துக் கால்வாயில் முதல் உரிமை, அல்லது கீழ் ஏரியோடு முறைவைத்து நீர் பகிரும் முறைப்பாசன ஏற்பாடு. வெறும் கையோடு போய்ச் சம்மதம் கேட்டால் மூட்டை இரவோடு இரவாகத் திரும்பி வரும்.

ஒன்றைப் பொறியாளர்கள் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது: பாசன மதகைத் திறப்பதால் பெருவெள்ளம் குறையாது. அதன் வழியே போவது சில பத்து கன அடிதான். மழைக்கு இரண்டு, மூன்று நாள் முன்பே திறந்தால் மட்டும் இடம் கிடைக்கும்.

கன அடியைத் தெருவாக மாற்றுவது

2015 டிசம்பர் 1 இரவில் சென்னைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அந்த எண்ணால் என்ன தெரியும்? தன் தெருவில் முழங்காலா, இடுப்பா, மாடியா என்பதுதான் அவருக்குத் தேவை.

சிறிய ஏரிக்கு இதை ஊரே செய்யலாம். கலங்கலின் பக்கச்சுவரில் உச்சியைப் பூஜ்யமாக வைத்து, அரை அடிக்கு ஒரு கோடாக மூன்றடி வரை பெயிண்டால் வரையுங்கள். ஒரு அடி வரை பச்சை, இரண்டடி வரை மஞ்சள், மேலே சிவப்பு. டார்ச் அடித்தால் கரையிலிருந்து படிக்கும் அளவுக்கு எண்கள் பெரிதாக இருக்கட்டும். பழைய வெள்ளத்தை நினைவு வைத்திருப்பவர்களிடம் கேட்டு, எந்தக் கோட்டுக்கு எந்தத் தெரு என்று பொருத்துங்கள்: "மஞ்சள் தொட்டால் வாய்க்கால் பாலம் மூழ்கும், சிவப்பு தொட்டால் ரேஷன் கடைத் தெரு." முதல் மழையிலேயே இது சரியா என்று தெரிந்துவிடும், தப்பாக இருந்தால் மாற்றி எழுதுங்கள்.

செய்தி போகும் வழியையும் சோதிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் பல இடங்களில் குளங்கள் உடைந்தன, செல்போன் தொடர்பும் போனது. வாட்ஸ்அப் குழு அப்போது உதவாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதில் ஒலிபெருக்கி இருந்தாலும் தனி பேட்டரியோடு தயாராக இருக்கட்டும். கீழ் ஏரி ஊருக்கு பைக்கில் ஓட இருவர், அவர்கள் போகும் சாலை மூழ்காத சாலையா என்று முன்பே பார்த்தபடி. தொலைபேசி வேலை செய்யும்வரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

அந்த அளவு மழைக்கு எந்தக் கலங்கலும் தாங்காது. அப்போது கரையைக் காப்பதை விட்டு ஆட்களைக் காப்பதுதான் வேலை. சிவப்புக் கோடு தொட்டால் தாழ்வான தெரு காலியாக வேண்டும் என்பதையும், பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கையிருப்பு

100 மீட்டர் நீளக் கரையை ஒரு அடி உயர்த்த சுமார் 1,000 மூட்டைகள் ஆகும்: அடியில் மூன்று, மேலே இரண்டு, உச்சியில் ஒன்று என்ற அடுக்கு. மூட்டைக்கு 25 கிலோ வைத்தால் ஏறத்தாழ 6 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). இதை ஏ.இ. காட்டும் மேட்டில் முன்பே கொட்டி, தார்ப்பாய் போட்டு வையுங்கள். அவசரத்தில் கரையின் அடிவாரத்தையே வெட்டி மூட்டை நிரப்புவதை நிறைய இடங்களில் பார்க்கலாம். காப்பாற்ற வந்த கரையின் காலை வெட்டும் வேலை அது. சாக்கோடு சவுக்குக் கம்பு, கயிறு, தார்ப்பாய், ஆற்று மணல், முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி, தலைவிளக்கு ஆகியவையும் வேண்டும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். நிரம்பத் திணித்த மூட்டை உருண்டையாகி, இடுக்கில் நீரை விடும்.

கசிவு கண்டால்

மஞ்சள் தொட்டதும் கரைக்காவல் தொடங்க வேண்டும். இருவர் இருவராக, அரை மணிக்கு ஒருமுறை, உச்சியிலும் அடிவாரத்திலும். தனியாக யாரையும் அனுப்ப வேண்டாம்.

அடிவாரத்தில் ஊற்று கிளம்பினால் முதலில் நீரின் நிறத்தைப் பாருங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தால் போதும். தெளிந்த நீர் என்றால் குச்சி நட்டு அடையாளம் வைத்து, கூடுகிறதா என்று கவனியுங்கள். கலங்கிய நீராக வந்தாலோ அடியில் மண் படிந்தாலோ, கரையின் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது, ஏ.இ.க்கு அந்த நொடியே சொல்ல வேண்டும்.

ஊற்றின் வாயை மூட்டை வைத்து அமுக்க வேண்டாம். எல்லோர் கையும் முதலில் அதற்குத்தான் போகும். அமுக்கினால் நீர் பக்கத்தில் வேறு வழி தேடும். ஊற்றைச் சுற்றி இரண்டு மூன்றடி தள்ளி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே நீரைத் தேங்க விடுங்கள். தேங்கிய நீரின் எடை எதிர் அழுத்தம் கொடுக்கும், ஊற்றின் வேகம் குறையும். கலங்கிய நீர் தெளிகிற உயரம் வந்ததும் நிறுத்தி, ஒரு பக்கம் சிறு வழி விட்டு நீரை வெளியே போக விடுங்கள். அகலமான கசிவு என்றால் முதலில் மணல், மேலே முக்கால் ஜல்லி, அதற்கு மேல் ஒன்றரை ஜல்லி. இந்த வரிசை மாறினால் மணல் ஜல்லியின் இடுக்கு வழியே ஓடிவிடும். ஏரிப் பக்கத்தில் சுழல் தெரிந்தால் அங்கேதான் நீர் புகும் வாய். தார்ப்பாயின் ஒரு முனையில் மூட்டை கட்டிச் சரிவில் இறக்கி மூடலாம். நீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. சுழல் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நீர்மட்டத்தைக் குறைக்கக் கரையை வெட்டும் முடிவு ஊர் எடுக்கும் முடிவல்ல. வெட்டிய வாய் தானாக அகலமாகும், கீழ் ஏரிக்கும் அது உடைப்புதான். பொறியாளரும் வருவாய்த் துறையும் சேர்ந்து இடம் குறித்து, கீழ் ஊர்கள் காலியான செய்தி வந்த பிறகே மண்வெட்டி விழ வேண்டும்.

நீர் வடிந்ததும்

ஒரு வாரத்துக்குள், சேற்றுக் கோடு அழிவதற்கு முன், மின்கம்பங்களிலும் சுவர்களிலும் உச்ச நீர்மட்டத்தைப் பெயிண்டால் குறியுங்கள். காவல் நோட்டில் எழுதிய நேரம், கோடு, மழையளவு இவற்றோடு ஒரு நகலை ஏ.இ.யிடமும் ஒன்றை ஒன்றியத்திலும் ஜனவரி 26 கிராம சபைக்கு முன் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கோடைப் பணிகளுக்கான மதிப்பீட்டில் நம் ஏரியின் கசிந்த இடங்கள் மீட்டர் கணக்கோடு சேர வேண்டுமானால், அந்தத் தாள் அதற்குள் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.