டீ ஃபேக்டரியில் காதில் விழுந்த குறிப்பைச் சோதிப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு உருப்படியான விஷயம் பாதிக்கு மேல் தற்செயலாகத்தான் கிடைக்கும். எடைமேடையில் கொழுந்து லாரி டிரைவர் போகிறபோக்கில் சொல்வார். அலமாரியை ஒழித்தால் பழைய லாக் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கும். "மூடுபனி நாளில் முதல் ரெண்டு மணி நேரம் சூட்டுக் காத்து விடு" என்று ஒரு குறிப்பு கண்ணில் பட்டதாக வைத்துக்கொள்வோம்.

1. உடனே எழுதுங்கள். மாதம், மழையா வெயிலா, எந்த ஊர் என்பதையும் சேர்த்து. கூடலூரில் ஜூலை மழைக்கு எழுதியது, குன்னூரில் ஜனவரியின் வறண்ட காற்றுக்கு ஒத்துவராது.

2. காரணத்தைப் பாருங்கள். கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கும் வாட்டும் கூடத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் தெர்மாமீட்டர் இரண்டும் தொங்கும். வித்தியாசம் 2 டிகிரிக்குக் கீழே என்றால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. ஃபேன் எவ்வளவு ஓடினாலும் கொழுந்து வாடாது. சூடு கலந்து வித்தியாசத்தை 3, 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும். காற்று 35 டிகிரியைத் தாண்டினால் கொழுந்து சிவந்துவிடும். முதலில் ஈரக்குமிழைச் சுற்றியுள்ள நனைந்த திரியைத் தொட்டுப் பாருங்கள்: அது காய்ந்திருந்தால் இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே அளவைக் காட்டும், நீங்களும் காற்று ஈரம் என்று நம்பி வீணாகச் சூடு ஏற்றுவீர்கள்.

3. டீமேக்கரிடம் (தயாரிப்பைக் கவனிப்பவர்) கேட்டுவிட்டு, இரண்டு டிரஃபில் (கொழுந்தைப் பரப்பி ஃபேன் காற்று விடும் நீளத் தொட்டி) மட்டும் சோதியுங்கள். ஒரே லாரிக் கொழுந்து, ஒரே கனத்தில் பரப்பு. ஒன்றில் குறிப்பின்படி, மற்றதில் வழக்கப்படி. ஒவ்வொன்றிலும் 1 கிலோ கொழுந்தை நைலான் வலைப்பையில் போட்டு, டிரஃபின் நடுவில் புதைத்து வையுங்கள். ஃபேன் பக்கமும் கடைசி முனையும் ஒரே மாதிரி வாடாது என்பதால் ஓரங்கள் வேண்டாம். சிடிசிக்கு (கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) அந்த 1 கிலோ சுமார் 700 கிராமுக்கு இறங்கினால் சரி.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். மழையில் நனைந்த கொழுந்தென்றால் குறைந்த எடையில் பெரும்பங்கு இலைமேல் நின்ற தண்ணீர். தராசு 700 காட்டும். தண்டை மடக்கினால் படக்கென்று ஒடியும். அது வாடவே இல்லை. வாடிய தண்டு ஒடியாமல் வளையும். ஆகவே எடையோடு கையாலும் பாருங்கள்.

4. குறிப்பு பலிக்காவிட்டாலும் தேதி, தெர்மாமீட்டர் வித்தியாசம், இரண்டு பைகளின் எடை மூன்றையும் லாக் புத்தகத்தில் ஏற்றுங்கள், ஓரத்தில் அல்ல, அன்றைய பக்கத்திலேயே.