கணினியின் ஒலி அட்டையை வானொலிக் கருவியுடன் இணைத்தல்: திருகோணமலை அமெச்சூர்களுக்கு

உப்புநீரின் மேலாகத் தாழ்ந்த கோணத்தில் புறப்படும் சிற்றலைக்கு, வறண்ட நிலத்தின் மேல் ஏற்படும் இழப்பில் சிறு பங்குதான் ஏற்படுகிறது. ஆகவே உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலோரமாக ஒரு செங்குத்து அன்ரனாவை நிறுத்தியவரின் சமிக்ஞை, சில பத்து வாற் வலுவிலேயே நெடுந்தூரம் செல்லக்கூடும். அந்தச் சமிக்ஞை சிதைந்திருந்தால் சிதைவும் அதே தூரம் சென்று பிறருக்கு இடையூறாகும் என்பதால், எஃப்.டி.8, பி.எஸ்.கே.31 போன்ற எண்முறைகளில் (கணினி எழுத்தை ஒலியாக்கி வானொலி வழியே அனுப்பும் முறைகளில்) அனுப்ப விரும்புபவர், கணினியையும் வானொலிக் கருவியையும் இணைக்கும் இடைமுகத்தை அமைக்கும்போதே சுத்தமான ஒலியைத் தம் முதற் குறிக்கோளாகக் கொள்ள வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் அழைப்புக்குறியும் ஏற்கெனவே கையில் உள்ள அமெச்சூர்களுக்காகவே, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கணினியிலுள்ள ஒலி அட்டையைப் பயன்படுத்தாமல், யூ.எஸ்.பி. ஒலி அட்டை ஒன்றைத் தனியாக வாங்குவது நல்லது. விலை குறைந்ததே போதும். விண்டோஸின் அறிவிப்பு மணியோசை வானில் போகாதிருக்க, பழைய ஒலி அட்டையையே இயல்பு அட்டையாக விட்டுவிட்டு, புதியதை வானொலி மென்பொருளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

கணினியையும் வானொலிக் கருவியையும் நேரடியாகக் கம்பியால் இணைத்தால், இரண்டின் புவித்தொடுப்புகளும் ஒரு வளையமாகி 50 ஹேர்ட்ஸ் உறுமல் ஒலியில் ஏறிவிடும். இதைத் தடுப்பவை 600க்கு 600 ஓம் ஒலி மின்மாற்றிகள். அனுப்பும் வழிக்கு ஒன்றும் கேட்கும் வழிக்கு ஒன்றுமாக இரண்டு தேவை. பழைய தொலைபேசி மோடத்தின் பலகையிலிருந்தும் கழற்றி எடுக்கலாம். பல்மானியை (மல்ரிமீற்றரை) வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுருளும் தனக்குள் தொடர்ச்சி காட்ட வேண்டும், இரு சுருள்களுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. இவற்றை உலோகப் பெட்டியில் வைக்கும்போது பெட்டியை வானொலிப் பக்கப் புவியோடு மட்டும் இணைக்க வேண்டும். கணினிப் பக்கத்து 3.5 மில்லிமீற்றர் உலோகக் குதையை (செருகியை ஏற்கும் துளையை) அதே பெட்டியில் திருகினால் இரு புவிகளும் அங்கேயே ஒன்றாகிவிடும். மின்மாற்றி இருந்தும் பயனில்லை.

ஒலி அட்டை ஏறத்தாழ 1 வோல்ற் தருகிறது. ஒலிவாங்கிக் குதையோ சில மில்லிவோல்ற்றையே எதிர்பார்க்கிறது. எனவே மின்மாற்றிக்குப் பின் 10 கிலோஓம் தடையியைத் தொடராகவும், 100 ஓம் தடையியைப் புவிக்கும் இணைத்து நூறில் ஒரு பங்காகக் குறையுங்கள். ஒலிவாங்கிக் குதையில் நேரோட்ட வோல்ற்றளவு வரும் கருவிகளுக்கு 1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றும் தொடராக வேண்டும். கருவியின் பின்புறம் தரவுக் குதை (எண்முறைகளுக்கென உள்ள குதை) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அங்கு 100 ஓமுக்குப் பதிலாக 1 கிலோஓம் பொருந்தும்.

ஆறு ஊசி கொண்ட அந்தத் தரவுக் குதைக்குப் பழைய பி.எஸ்.2 விசைப்பலகைக் கம்பியின் செருகி சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அதன் 2ஆம் 6ஆம் ஊசிகளுக்குப் பெரும்பாலும் உள்ளே கம்பியே இராது. வானொலியில் 2ஆம் ஊசிதான் புவி. ஊசி ஊசியாகப் பல்மானியால் சோதித்து, கம்பி இல்லையென்றால் புவிக்கு வெளி உலோக உறையைப் பயன்படுத்துங்கள். 1ஆம் ஊசியில் ஒலி உள்ளே போகும், 3ஆம் ஊசி அனுப்பும் ஆளி (அதைப் புவியோடு இணைத்தால் கருவி அனுப்பத் தொடங்கும்), 5ஆம் ஊசியிலிருந்து ஒலி வெளியே வரும். நமது கடற்காற்றில் செருகியின் செம்பு பச்சை பூத்துவிடுவதால், பெட்டியில் குதைகளைக் கூடியவரை தவிர்த்துக் கம்பிகளை நேரடியாகப் பற்றாசு வைத்து முடிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

அனுப்பும் ஆளியை இயக்க, ஒன்பது ஊசி கொண்ட யூ.எஸ்.பி. தொடர்முனை (சீரியல் போர்ட்) மாற்றி ஒன்றும், கம்பித் தொடர்பின்றி ஒளியால் சமிக்ஞையைக் கடத்தும் பி.சி.817 ஒப்டோ கப்ளர் ஒன்றும் போதும். தொடர்முனையின் 7ஆம் ஊசியிலிருந்து 1 கிலோஓம் வழியாகக் கப்ளரின் 1ஆம் காலுக்கும், 5ஆம் ஊசியிலிருந்து 2ஆம் காலுக்கும் கம்பி செல்லட்டும். மறை வோல்ற்றளவிலிருந்து கப்ளரைக் காக்க அவ்விரு கால்களுக்கும் குறுக்கே 1என்4148 இருவாயியைத் தலைகீழாக வையுங்கள். 4ஆம் கால் வானொலியின் ஆளிக்கும் 3ஆம் கால் அதன் புவிக்கும் உரியவை. கணினி தொடங்கும்போது 7ஆம் ஊசி தானாக உயர்ந்து கருவியை அனுப்பவைக்கலாம் என்பதால், மென்பொருள் திறந்த பிறகே கருவிக்கு மின் கொடுங்கள்.

எஃப்.டி.8க்கான டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் மென்பொருளில் அழைப்புக்குறியுடன் திருகோணமலைக்குரிய என்.ஜே.08 என்ற கட்டத்தை (அமெச்சூர்கள் இடத்தைக் குறிக்கும் வரைபடக் குறியீட்டை) இட்டு, கருவியை மேல் பக்கப்பட்டை முறையில் 14.074 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். ஒலிவாங்கிப் பெருக்கத்தையும் தானியங்கி ஒலிமட்டத்தையும் விண்டோஸில் நிறுத்தி, வெறும் இரைச்சலுக்கு மட்டமானி 30 டெசிபல் அளவில் நிற்குமாறு செய்யுங்கள். கணினிக் கடிகாரம் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். இல்லையேல் நீர்வீழ்ச்சிப் படத்தில் (சமிக்ஞைகளை மீடிறன்வாரியாகக் கோடுகளாகக் காட்டும் திரையில்) சமிக்ஞைகள் நிறையத் தெரிந்தும் எழுத்தாக ஒன்றும் வராது.

இனி மிகுந்த பொறுமை வேண்டிய பகுதி. அன்ரனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோட்டை (வலுவை வானில் விடாமல் வெப்பமாக்கும் போலிச் சுமையை) இணைத்து, கருவியின் பேச்சுச் செறிவாக்கியை நிறுத்தி, ஒலிமட்டத்தை அடியிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். மிகையான ஒலியைக் கருவி தானாகக் குறைப்பதைக் காட்டும் ஏ.எல்.சி. முள் அசையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுங்கள். எஃப்.டி.8 ஒவ்வொரு 15 வினாடி முறையிலும் 12.64 வினாடிக்கு இடைவிடாமல் அனுப்புவதால், 100 வாற் கருவியை 30 வாற்றுக்கு மேல் ஓட்டாதிருப்பது நமது வெப்பத்தில் அவசியம். அனுப்பும்போது கணினி உறைந்தாலோ சுட்டி தானாக ஓடினாலோ வானலை கம்பி வழியே உள்ளே வருகிறது என்று பொருள்; ஒவ்வொரு கம்பியையும் பெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இறுதியாக, 700 ஹேர்ட்ஸ் ஒலியில் குறைந்த வலுவோடு அனுப்பி, அருகிலுள்ள இன்னொரு அமெச்சூரைத் தம் நீர்வீழ்ச்சிப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் இருமடங்கான 1400 ஹேர்ட்ஸில் ஒரு நிழற்கோடு தெரிந்தால் ஒலிமட்டம் இன்னும் அதிகமாக உள்ளது. அது மறையும்வரை குறையுங்கள். அன்றாடத் தொடர்புகளுக்கு 1500 ஹேர்ட்ஸுக்கு மேல் நின்றால், எஞ்சிய இரட்டை மீடிறனைக் கருவியின் வடிகட்டியே வெட்டிவிடும்.